ஐந்தாம் வகுப்பு: டெல்டாப் பெற்றோர் ஜூன் முதல் ஜூன் வரை செய்ய வேண்டியவை

உங்கள் பிள்ளை ஐந்தாம் வகுப்புக்குப் போகிறதா? முதலில் ஒரு பயத்தை இறக்கி வைத்துவிடலாம். ஐந்தாவதுக்குப் பொதுத்தேர்வு கிடையாது. 2019-20 கல்வியாண்டில் அப்படி ஒரு அறிவிப்பு வந்தது உண்மைதான். 2020 பிப்ரவரியில் தமிழக அரசே அதை ரத்து செய்துவிட்டது. எட்டாம் வகுப்பு வரை பெயில் போடுவதும் இல்லை. இருந்தும் ‘அஞ்சாவது பப்ளிக்’ என்று சொல்லி டியூஷனுக்கு ஆள் பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம்பாதீர்கள்.

இந்த வருஷத்தின் வேலை வேறு. நம் ஊர்த் தொடக்கப் பள்ளிகள் ஐந்தோடு முடிந்துவிடும், பிள்ளை பள்ளி மாறியாக வேண்டும். அதற்கான காகிதம், காசு, முடிவு மூன்றும் இந்தப் பன்னிரண்டு மாதத்துக்குள் தயாராக வேண்டும். என் மகளை ஆறாவதுக்கு மாற்றிய வருஷம், போன இடத்திலெல்லாம் “இதை ஆடி மாசமே பார்த்திருக்கலாமேம்மா” என்றார்கள். ஆடி மாதத்தில் வந்து சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் மாத வரிசையில் எழுதுகிறேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் அரசுப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ படிக்கும் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது. காரைக்காலுக்குத் தனியாகச் சொல்கிறேன்.

1. ஜூன், ஜூலை: மூன்று காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளியின் எமிஸ் பதிவு (பள்ளிக் கல்வித் துறை கணினியில் வைத்திருக்கும் மாணவர் பதிவேடு). இந்த மூன்றிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி, அப்பா அம்மா பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். எமிஸ் பதிவு உங்கள் கையில் இருக்காது. தலைமையாசிரியரிடம், “டீச்சர், எமிஸ்ல என் பொண்ணு பேரை ஒருதரம் காட்டுங்க” என்று கேளுங்கள். போனிலேயே திறந்து காட்டிவிடுவார்கள்.

எங்கள் வீட்டில் பிறப்புச் சான்றிதழில் தர்ஷினி, ஆதாரில் தர்சினி, எமிஸில் தமிழ்ப் பெயர் சரி, ஆனால் ஆங்கிலத்தில் ஒரு எச் குறைவு. இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். மாற்றுச் சான்றிதழ் எமிஸிலிருந்துதான் அச்சாகி வருகிறது. அதில் உள்ளதை ஆறாம் வகுப்புப் பள்ளி அப்படியே ஏற்றும், அது பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் வரை போகும். அதற்கு மேல் பெயரை மாற்ற அரசிதழ் வரை அலைய வேண்டும். ஐந்தாவதில் தலைமையாசிரியரே திருத்தித் தரக்கூடிய காரியம் அது.

பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லாமல் ‘பெண் குழந்தை’ என்று மட்டும் இருக்கிறதா? பிறந்து 15 வருஷத்துக்குள் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். முதல் வருஷம் தாண்டிவிட்டதால் சிறிய தாமதக் கட்டணம் இருக்கும். இங்கே பலர் சிக்குகிற இடம் ஒன்று உண்டு. தலைப் பிரசவம் தாய்வீட்டில் நடந்திருக்கும், குழந்தை பிறந்த ஆஸ்பத்திரி வேறு தாலுகாவில் இருக்கும். பதிவும் பிறந்த இடத்தில்தான். நீங்கள் இப்போது மன்னார்குடிப் பக்கம் குடியிருந்தாலும், குழந்தை கும்பகோணத்தில் பிறந்திருந்தால் கும்பகோணத்துக்குத்தான் போக வேண்டும்.

ஆதாரில் பெயரோ முகவரியோ திருத்த 2025 அக்டோபர் முதல் 75 ரூபாய். பிறந்த தேதியை ஒரே ஒரு தடவைதான் மாற்ற விடுவார்கள், அதனால் பிறப்புச் சான்றிதழைச் சரிசெய்த பிறகே ஆதார் மையத்துக்குப் போங்கள். 5 வயதுக்கு மேல் கைரேகையும் கண் பதிவும் எடுத்தாக வேண்டும். எடுக்காமல் விட்ட பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பில் நிறையப் பேர். தாலுகா அலுவலகம், பெரிய தபால் நிலையம் இரண்டிலும் மையம் இருக்கும். காலையில் போனால்தான் டோக்கன் கிடைக்கும்.

2. ஆகஸ்டுக்குள்: சாதிச் சான்றிதழ்

ஆறாம் வகுப்புச் சேர்க்கையில் கேட்பார்கள். உதவித்தொகை, விடுதி, பிற்பாடு கல்லூரி எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் போதும்.

விண்ணப்பம் இ-சேவை மையத்தில், கட்டணம் 60 ரூபாய். கொண்டுபோக வேண்டியவை: பிள்ளையின் போட்டோ, ஆதார், ரேஷன் கார்டு, அப்பா அல்லது அம்மாவின் சாதிச் சான்றிதழ். பெற்றோரிடம் சான்றிதழ் இல்லையென்றால் அவர்களுடைய பள்ளி மாற்றுச் சான்றிதழ். விண்ணப்பம் விஏஓவிடம் போய், வருவாய் ஆய்வாளரிடம் போய், அப்புறம் வட்டாட்சியர் அலுவலகத்தில் கையெழுத்தாகும். பழங்குடியினருக்கு மட்டும் கோட்டாட்சியர்.

ஆகஸ்ட் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அக்டோபர் கடைசியில் மழை பிடித்துவிட்டால் விஏஓ அலுவலகத்துக்குள் நுழைய முடியாது. சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு செய்ய வழக்கமாக நவம்பர் நடுவில் கெடு முடியும். அதற்கு விஏஓ தரும் அடங்கல் (எந்த வயலில் என்ன பயிர் என்ற பதிவு) வேண்டும், ஊரே அங்கே நிற்கும். வயலில் தண்ணீர் நின்றால் பயிர்ச் சேதக் கணக்கெடுப்பு. உங்கள் விண்ணப்பத்தை அவர் வேண்டுமென்று நிறுத்த மாட்டார், கையில் நேரமே இருக்காது. விண்ணப்ப எண்ணை வைத்துக்கொண்டு ஒரு வாரம் கழித்து விஏஓவை நேரில் பார்ப்பது நல்லது. வெளியே நிற்கிற ஆள் “நான் முடிச்சுத் தரேன்” என்று கூடுதலாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். அவர் செய்யப்போவதும் அதே இ-சேவை விண்ணப்பம்தான்.

வருமானச் சான்றிதழுக்கும் 60 ரூபாய்தான். ஆனால் அதை இப்போதே வாங்கி வைக்காதீர்கள். குறிப்பிட்ட காலம்தான் செல்லும். விடுதிக்கோ உதவித்தொகைக்கோ கேட்டால் மே மாதத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

3. படிப்பு: மூன்று பருவத்தில் எதைக் கவனிக்க வேண்டும்

பருவம் மூன்று, பாடம் ஐந்து. ஜூன் முதல் செப்டம்பர் வரை முதல் பருவம், டிசம்பர் வரை இரண்டாவது, ஏப்ரல் வரை மூன்றாவது. தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். ஒவ்வொரு பருவத்துக்கும் இலவசப் புத்தகம் தனித்தனியாக வரும். வகுப்பிலேயே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவம் முடிந்து எழுதும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண். அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் பலப்படுத்தும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2023-24 முதல் நான்கு, ஐந்து வகுப்புகளுக்கும் வந்திருக்கிறது. பயிற்சி நூலை மாதம் ஒருமுறையாவது வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லிப் புரட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் காலியாக இருக்கிறதோ அதுதான் பிள்ளைக்கு வராத பாடம்.

மதிப்பெண்ணை விட இரண்டைச் சோதித்துப் பார்க்கச் சொல்வேன். தினத்தந்தியில் ஒரு செய்தியைத் திக்காமல் வாசித்து, என்ன நடந்தது என்று பிள்ளை தன் வார்த்தையில் சொல்கிறதா? கடைக்கு அனுப்பினால் 200 ரூபாய்க்கு மிச்சத்தைச் சரியாக எண்ணி வாங்கி வருகிறதா? இந்த இரண்டும் வந்தால் ஆறாவதில் சமாளித்துவிடும். தொடக்கப் பள்ளியில் ஒரே டீச்சர் எல்லாப் பாடமும் நடத்துவார், பிள்ளையின் முகம் வாடினாலே கண்டுபிடித்துவிடுவார். ஆறாவதில் பாடத்துக்கு ஒரு ஆசிரியர், வகுப்பில் பல ஊர்ப் பிள்ளைகள். வாசிக்கத் தடுமாறும் பிள்ளை அங்கே பின் பெஞ்சில் மறைந்துவிடும். தடுமாற்றம் தெரிந்தால் முதல் பருவத்திலேயே டீச்சரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாம் பருவம் டெல்டாவில் எப்போதும் நொண்டும். மழை விடுமுறை ஆட்சியர் அறிவிப்பைப் பொறுத்தது, பல நாள் காலையில்தான் தெரியும். எந்தப் பருவமானாலும், திருவாரூர் ஆழித்தேர், தஞ்சாவூரில் சதய விழா போன்றவற்றுக்கு உள்ளூர் விடுமுறை விட்டால் ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளி வைப்பார்கள். அந்தச் சனிக்கிழமையை மறந்து பிள்ளையை வெளியூர் கூட்டிப்போகிற வீடுகள் அதிகம். மழை நாளில் பாடம் போனால், வீட்டில் அரை மணி நேரம் சத்தம் போட்டு வாசிக்க வைத்தாலே பெரும்பகுதி ஈடாகிவிடும்.

4. உடம்பு

10 வயதில் டிடி (ரணஜன்னி, தொண்டை அடைப்பான்) தடுப்பூசி போட வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பள்ளிக்கே வந்து போடுவார்கள். கை வலியும் லேசான காய்ச்சலும் ஒரு நாள் இருக்கலாம். ஊசிக்குப் பயந்து அன்றைக்கு லீவு போட வைக்காதீர்கள். விட்டுப்போனால் சுகாதார நிலையத்துக்கே கூட்டிப்போய்ப் போடலாம், காசு கிடையாது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு மாத்திரை கொடுப்பார்கள்.

பெண் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு: பத்து, பதினொன்றில் வயதுக்கு வருவது இப்போது சாதாரணம். பள்ளியில் வைத்தே நடந்தாலும் பிள்ளை பயப்படாத அளவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பையில் ஒரு நாப்கின் இருக்கட்டும். 10 முதல் 19 வயது வரை உள்ள பெண் பிள்ளைகளுக்குப் புதுயுகம் திட்டத்தில் நாப்கின் இலவசம். கிராம சுகாதாரச் செவிலியரைக் கேளுங்கள். சடங்கு வைப்பதும் வைக்காததும் உங்கள் விருப்பம். அதற்காகப் பிள்ளையை வாரக்கணக்கில் பள்ளிக்கு அனுப்பாமல் இருக்காதீர்கள். அந்த இடைவெளியில் விட்ட பின்னம், தசமம் எல்லாம் ஆறாவதிலும் துரத்தும்.

5. பொங்கலுக்குள்: ஆறாவது எங்கே என்று முடிவு செய்யுங்கள்

இந்த வருஷத்தில் நீங்கள் எடுக்கும் பெரிய முடிவு இதுதான். கட்டடத்தையும் வேனையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். அரசின் பல சலுகைகள் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்குத் தொடங்குகின்றன என்பதை யாரும் சொல்வதில்லை.

மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் அதே ஒதுக்கீடு: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நகராட்சி, மாநகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இதில் சேரும். அரசு உதவி பெறும் பள்ளி சேராது. பலர் ஏமாறுவது இதில்தான். ‘எய்டட் ஸ்கூலும் கவர்ன்மென்ட் மாதிரிதானே’ என்று நினைத்துவிடுகிறார்கள்.

கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரைதான் கணக்கு. இவற்றில் உதவி பெறும் பள்ளியின் தமிழ்வழிப் பிரிவுக்கும் இடமுண்டு. கல்வி உரிமைச் சட்ட இடத்தில் (கட்டணத்தை அரசே ஏற்கும் இடம்) தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கும் வழி இருக்கிறது. மற்றபடி, ஆறாவதை மட்டும் காசு கட்டித் தனியாரில் படித்துவிட்டு ஏழாவதில் திரும்பினாலும் கணக்கு உடைந்தது உடைந்ததுதான்.

அரசு வேலையில் தமிழ்வழிக்கு 20 சதவீதம் ஒதுக்கீடு. அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்ததற்குச் சான்று கேட்கிறார்கள். ஐந்து வரை தமிழ்வழியில் வந்த பிள்ளையை ஆறாவதில் ஆங்கிலவழிக்கு மாற்றினால் இதை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று தெரிந்தே மாற்றுங்கள். தமிழில் நன்றாக வாசிக்கிற பிள்ளையை மாற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து.

உதவி பெறும் பள்ளிக்குப் போனால் ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: “இது எய்டட் செக்ஷனா, சுயநிதியா?” ஒரே வளாகம், ஒரே சீருடை, ஆனால் ஆங்கிலவழிப் பிரிவு பெரும்பாலும் சுயநிதியாக இருக்கும். அதில் கட்டணம் உண்டு, இலவசத் திட்டங்களும் புதுமைப் பெண்ணும் பொருந்தாது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பணம் கட்டி ரசீது வாங்கிய பிறகுதான் இதைத் தெரிந்துகொண்டது.

தனியார் நர்சரி பிரைமரியில் கல்வி உரிமைச் சட்ட இடத்தில் படிக்கும் பிள்ளைக்கு: அந்தச் சேர்க்கை எல்கேஜி அல்லது ஒன்றாம் வகுப்பு என்னும் நுழைவு வகுப்பில்தான் நடக்கும். பள்ளி ஐந்தோடு முடிந்தால், ஆறாவதுக்கு வேறு தனியார் பள்ளி அந்த இடத்தைத் தானாகத் தந்துவிடாது. காசு கட்டுவதா, அரசுப் பள்ளிக்கு வருவதா என்று இப்போதே யோசியுங்கள்.

பள்ளியைப் பார்க்க ஜனவரியில் ஒரு வேலை நாளில் போங்கள். கழிவறையில் தண்ணீர் வருகிறதா, கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, இந்த இரண்டைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும். அப்புறம் பஸ். உங்கள் ஊரிலிருந்து காலை மணி அடிப்பதற்குள் சேர்க்கும் வண்டி எது, அது ஓடாத நாளில் அடுத்தது எப்போது, சாயங்காலம் திரும்ப எது என்று நீங்களே ஒருநாள் ஏறிப் பாருங்கள். அரசுப் பேருந்தில் மாணவர்களுக்கு இலவசம். புதுப் பாஸ் வரும்வரை சீருடையும் அடையாள அட்டையும் இருந்தால் ஏற்றிக்கொள்வார்கள்.

வீட்டுச் சூழலால் விடுதி தேவைப்பட்டால், அரசு நல விடுதிகளில் உணவும் தங்குமிடமும் இலவசம். பெற்றோரின் ஆண்டு வருமானத்துக்கு வரம்பு உண்டு, வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே குறைந்தபட்சத் தூரமும் பார்ப்பார்கள். பெண் பிள்ளைகளுக்குத் தூரக் கணக்கு இல்லை.

6. நுழைவுத் தேர்வு விளம்பரங்கள்

ஆறாவதில் நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் மத்திய அரசின் உறைவிடப் பள்ளி நவோதயா. அது தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. காரைக்காலில் இருக்கிறது. அதில் சேர அந்த மாவட்டத்திலேயே குடியிருந்து அங்கேயே ஐந்தாவது படிக்க வேண்டும். எல்லைக்கு இந்தப் பக்கம் தரங்கம்பாடியிலோ நாகூரிலோ படிக்கும் பிள்ளை எழுத முடியாது. ‘நவோதயா கோச்சிங்’ என்று பணம் கேட்டால் முதலில் இதைச் சொல்லுங்கள். காரைக்கால் பிள்ளைகளுக்கு அது நல்ல வாய்ப்பு. விண்ணப்பம் இலவசம், ஐந்தாவது தொடங்கிய சில வாரங்களிலேயே வந்துவிடும். 80 கேள்வி, 100 மதிப்பெண், 2 மணி நேரம். வாழ்நாளில் ஒருமுறைதான் எழுதலாம்.

காரைக்கால் அரசுப் பள்ளிகள் 2024-25 முதல் சிபிஎஸ்இ பாடத்துக்கு மாறிவிட்டன. உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்று இங்கிருந்து அனுப்ப நினைப்பவர்கள், மேலே சொன்ன தமிழ்நாட்டுச் சலுகைகள் அங்கே கிடைக்காது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

உடுமலை பக்கம் அமராவதிநகரில், பிள்ளைகளை ராணுவ அதிகாரியாகத் தயார்செய்யும் சைனிக் பள்ளி இருக்கிறது. மார்ச் 31 அன்று 10 முதல் 12 வயதுக்குள் இருக்க வேண்டும். தேர்வைத் தமிழிலும் எழுதலாம். கட்டணம் வருஷத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டும், அதை யோசித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

7. காசு: சம்பா பணத்திலிருந்து எடுத்து வையுங்கள்

நம் ஊரில் பள்ளிச் செலவும் சாகுபடிச் செலவும் ஒரே மாதத்தில் வந்து விழும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவைக்கு உழவு, விதை, உரம். அதே ஜூனில் பள்ளி திறக்கும். கையில் பணம் புரளுவது தையிலிருந்து மாசி, பங்குனி வரை, கொள்முதல் நிலையத்தில் சம்பா நெல் போட்ட பிறகு. அந்தப் பணம் கணக்கில் ஏறியவுடன் ஆறாம் வகுப்புக்கென்று ஒரு தொகையைப் பிள்ளை பேரில் தபால் நிலையத்தில் போட்டுவிடுங்கள். அறுப்புக் கூலியை நம்பியிருக்கும் வீட்டுக்கும் இதே கணக்குதான், மே மாதத்தில் வேலை இருக்காது.

அரசுப் பள்ளியில் கல்விக் கட்டணம் இல்லை. புத்தகம், நோட்டு, பை, சீருடை, காலணி வரும். ஆனால் ஜூனிலேயே எல்லாம் கைக்கு வந்துவிடாது, சீருடையும் அளவு பொருந்தாமல் தையற்கடைக்குப் போகும். ஒரு செட் துணிக்கும் நோட்டுக்கும் ஒதுக்கி வையுங்கள். தனியார் என்றால், கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று கேளுங்கள், கட்டுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். வேன் கட்டணம் பத்து மாதத்துக்கா பன்னிரண்டு மாதத்துக்கா என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

பிள்ளை பேரில் வங்கி அல்லது தபால் கணக்கு, அதில் ஆதார் இணைப்பு இரண்டும் இருக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கு வரும் ஊக்கத்தொகை அந்தக் கணக்குக்குத்தான் போகும்.

8. ஏப்ரல், மே: மாற்றுச் சான்றிதழும் காமன் பூலும்

அரசுப் பள்ளிகளில் சேர்க்கை மார்ச்சிலேயே தொடங்குகிறது. முழு ஆண்டுத் தேர்வு முடிந்த வாரத்திலேயே மாற்றுச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். மே மாதம் போனால் தலைமையாசிரியர் ஊரில் இருக்க மாட்டார். காசு கிடையாது.

கையில் வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி எண்ணிலும் எழுத்திலும், சாதி, பயிற்று மொழி, அங்க அடையாளம். பயிற்று மொழி ‘தமிழ்’ என்று தெளிவாக இருக்கிறதா என்று இரண்டாம் முறையும் பாருங்கள். தமிழ்வழிச் சான்று பிற்காலத்தில் தேவைப்படும்போது இந்தச் சின்னப் பள்ளியைத் தேடி வர வேண்டியிருக்கும்.

காகிதம் கிடைத்ததோடு வேலை முடியவில்லை. எமிஸில் உங்கள் பிள்ளையைப் பழைய பள்ளி காமன் பூலுக்கு, அதாவது பள்ளி மாறும் பிள்ளைகளின் பொதுப் பட்டியலுக்கு, அனுப்ப வேண்டும், அப்போதுதான் புதுப் பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். “காமன் பூல்ல விட்டாச்சா டீச்சர்?” என்று கேட்டு, எமிஸ் எண்ணையும் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். இதைச் செய்யாமல் விட்டால் புதுப் பள்ளியில் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும், பெயர் மட்டும் பட்டியலில் ஏறாது. புத்தகமும் சீருடையும் தள்ளிப்போகும்.

தனியார் பள்ளி கட்டணப் பாக்கி என்று சான்றிதழைப் பிடித்து வைத்தால் பயப்படாதீர்கள். பாக்கியை வசூலிக்கும் கருவியாக மாற்றுச் சான்றிதழைப் பயன்படுத்தக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் சொல்லியிருக்கிறது. சான்றிதழ் வரத் தாமதமானாலும் எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்கக்கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு. அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் இதைச் சொல்லிச் சேர்க்கச் சொல்லலாம்.

அசல் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கூரையோடு சான்றிதழ்களும் போன வீடுகள் நம் பக்கத்தில் உண்டு. போனில் படம் எடுத்து, இன்னொருவர் போனுக்கும் அனுப்பிவிடுங்கள்.

9. ஜூன்: புதுப் பள்ளியின் முதல் வாரம்

காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்து வரைதான். 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் தொடங்கி எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கினார்கள். உங்கள் பிள்ளையும் கிச்சடியும் பொங்கலும் பள்ளியில் சாப்பிட்டுப் பழகியிருக்கும், நீங்களும் விடியற்காலை நடவுக்குக் கிளம்பிப் பழகியிருப்பீர்கள். ஆறாவதில் அது கிடையாது, மத்தியானச் சத்துணவு மட்டும்தான். பள்ளியும் தூரம், பஸ்ஸும் முன்னாலேயே வரும். பழைய சோறோ இரண்டு இட்லியோ, எட்டு மணிக்குள் பிள்ளை வயிற்றுக்குப் போக யார் ஏற்பாடு செய்வது என்று பள்ளி திறக்கும் முன் வீட்டில் பேசி வையுங்கள். முதல் வாரம் பெரியவர் ஒருவர் அதே பஸ்ஸில் கூடப் போய் வரட்டும். வகுப்பாசிரியரின் பெயரையும் போன் எண்ணையும் அந்த வாரத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.